35 வயதாகிவிட்டது, ஓய்வுக்காலத்துக்கு இனி சேர்த்தால் போதுமா?

பால்மரத்து மகள் எழுதியது:

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 35 வயது. பட்டணத்தில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதும் வேலை, சம்பளம் 2,800 வெள்ளி (ரிங்கிட்). கணவருக்கு 38. சொந்த லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறார். நல்ல மாதத்தில் 3,000 கையில் நிற்கும், மழை மாதத்தில் பாதிகூட வராது. பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள்.

போன வாரம் அப்பாவின் அலமாரியைத் துடைக்கும்போது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே அவர் பால்மரம் (ரப்பர்) வெட்டிய கத்தி, தோட்டத்தில் எடுத்த ஒரு படம், அப்புறம் நாலாக மடித்த ஊழியர் சேமநிதி (இ.பி.எஃப்.) கடிதம். 2009ஆம் ஆண்டு, அவருடைய 55ஆவது வயதில் வந்தது. தொகை 58,400 வெள்ளி. 34 ஆண்டு மரம் வெட்டியதற்கு அது. மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அதன் பின்பக்கம் அம்மாவின் கையெழுத்தில் கணக்கு. அம்மா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர், எண்களைப் பெரிதாக எழுதுவார். அக்கா கல்யாணம் 22,000. கூரை, சமையல்கட்டு 14,000. மாமாவுக்குக் கைமாத்து 8,000. மோட்டார் 5,200. பிறகு சின்னச் சின்னத் தொகைகளாக ஒரு பத்தி. கடைசி வரி: "2011 தீபாவளி, மீதி 640."

இரண்டே ஆண்டு! குறை சொல்லவில்லை. எல்லாம் எங்களுக்காகப் போன பணம். ஆனால் அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது, அப்பாவுக்கு இப்போது 71. மாதம் 300 வெள்ளி கொடுக்கிறேன். அதற்கு மேல் வாய் திறந்து கேட்க மாட்டார். போன மாதம் கண்ணாடியின் கால் உடைந்துவிட்டது. என்னிடம் சொல்லாமல் தையல் நூலைச் சுற்றிக் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பத்து நாள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. 71 வயதில் நானும் என் பிள்ளையிடம் இப்படித்தான் மறைப்பேனா?

என் நிலைமை இது. சேமநிதியில் 31,000 இருக்கிறது. 2021இல் லோரி நின்றுபோனபோது கொரோனாவுக்காகச் சேமநிதியில் எடுக்க விட்ட ஐ-சினாரில் 10,000, ஐ-சித்ராவில் 5,000 எடுத்துவிட்டேன். வேறு வழி இருக்கவில்லை. கணவருக்குச் சேமநிதியே கிடையாது. வங்கியில் 2,600. மாதம் 200 வெள்ளிக் கூட்டு (சீட்டு) கட்டுகிறேன், இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஏழு பவுன் நகை. எல்லாச் செலவும் போக மாதம் 300 வெள்ளி மிச்சம் பிடிக்க முடியும் என்று நோட்டுப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறேன்.

யூனிட் டிரஸ்டில் போடு என்கிறார் அக்காவின் தோழி. நகை வாங்கு என்கிறார் அத்தை. கணவரின் நண்பர் ஒருவர் வாட்சாப் குழுவில் சேர்த்துவிட்டார். அதில் மாதம் 8 விழுக்காடு உறுதியாகத் தருகிறார்களாம். "பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார் கணவர். நூல் கட்டிய கண்ணாடியைப் பார்த்த பிறகு என்னால் அப்படி இருக்க முடியவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிராணி எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் 31 ஆண்டு கிராணியாக (தோட்ட ஆபீஸ் எழுத்தராக) இருந்தவன் நான். உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு 55 வயதுப் பாரம் எழுதிக் கொடுத்தது என் கைதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் படிக்கட்டில் வந்து நிற்பார்கள், சட்டைப் பையில் ஐ.சி.யோடு (அடையாள அட்டை). கட்டைவிரல் ரேகை வைப்பார்கள். "எவ்வளவு வரும் கிராணி?" என்பார்கள். தொகையைச் சொன்னதும் அவர்கள் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவ்வளவு பணத்தைப் பிறந்ததிலிருந்து ஒன்றாகப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளில் அதே ஆள் அதே படிக்கட்டில் நிற்பார், காண்டிராக்டில் புல்வெட்டு வேலை உண்டா என்று கேட்டுக்கொண்டு.

குடித்து அழித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களின் கணக்கெல்லாம் உங்கள் அம்மா எழுதிய கணக்குப் போலவே இருக்கும். கல்யாணம், கூரை, கைமாத்து. மொத்தமாக வந்த பணத்துக்கு ஊரே பங்காளி. தம்பி கேட்பான், மச்சான் கேட்பான், இல்லை என்று சொல்ல வாய் வராது. மாதம் 400, 500 என்று வரும் பணத்தை யாரும் அப்படிக் கேட்பதில்லை, அதைச் சம்பளம் என்றே எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அதனால் முதலில் இதை மனத்தில் வையுங்கள்: 55 வயதானதும் சேமநிதியை வழித்து எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. உள்ளேயே விட்டு வைக்கலாம், மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கலாம். இப்போது 100 வயது வரை இலாப ஈவு தருகிறார்கள். இதை நம் ஆட்களுக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். பாரத்தை நிரப்பினேன், உட்காரவைத்துப் பேசவில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இனி உங்கள் கணக்கு. 2,800 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, 308 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 364. ஆக மாதம் 672 வெள்ளி நீங்கள் கேட்காமலே சேர்கிறது. 35 வயதில் ஒன்றுமே தொடங்கவில்லை என்று நினைக்காதீர்கள். இலாப ஈவு கொரோனா ஆண்டான 2020இல்கூட 5.20 வந்தது, 2024இல் 6.30. சட்டப்படி உறுதி என்னவோ 2.5தான், அதுவும் வழக்கமான சேமிப்புக்கு மட்டும். நான் 5 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். இருக்கும் 31,000 உங்கள் 60 வயதில் ஏறத்தாழ 105,000 ஆகும். மாதம் 672, சம்பளம் ஒரு காசு ஏறாவிட்டாலும், 400,000 ஆகும். கூட்டினால் 5 லட்சம்.

பெரிய தொகைதான். ஆனால் 25 ஆண்டில் விலைவாசியும் சும்மா இருக்காது. ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால் அந்த 5 லட்சம் இன்றைய 240,000க்குத்தான் சமம். 20 ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் இன்றைய ஆயிரம் வெள்ளி. முன்பு சேமநிதி வாரியம் சொல்லிவந்த அடிப்படை இலக்கும் அதே 240,000தான், மாதம் ஆயிரம் வீதம் 20 ஆண்டுக்கு. இப்போது 60 வயதுக்கு 390,000 அடிப்படை, 650,000 போதுமானது என்று உயர்த்திவிட்டார்கள். ஆக உங்கள் ஒருவர் பாடு ஓரளவுக்கு ஓடும். இரண்டு பேர் அதில் சாப்பிட முடியாது.

இன்னொன்று. 2024 மே மாதத்திலிருந்து உங்கள் பணம் மூன்றாகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்கு, 15 விழுக்காடு வீடு, மருத்துவம் போன்றவற்றுக்கு, 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் ஃபிளெக்சிபல் கணக்கு. உங்களுக்கு அந்தப் பத்து என்பது மாதம் 67 வெள்ளி. போனிலேயே எடுக்கலாம் என்பதால் எடுக்கத் தோன்றும். பள்ளிக் காலணி, பிறந்தநாள், தீபாவளி. அதே 67ஐத் தொடாமல் விட்டால் 25 ஆண்டில் 40,000. கூடுதலாக ஒரு காசு போடுவதற்கு முன்னால், தயவுசெய்து அந்த மூன்றாவது கணக்கை மறந்துவிடுங்கள்.

கணவர் விஷயம்தான் எனக்குக் கவலை. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஐ-சாரான் என்று ஒரு திட்டம் சேமநிதியிலேயே இருக்கிறது. 2025 முதல், அவர் போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் 5,000 வரை. அதாவது ஆண்டில் 2,500 போட்டால் 500 இலவசம், அதற்கு மேல் இலாப ஈவு. மாதாமாதம் போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. லோரி ஓடும் மாதத்தில் 400 போடட்டும், மழை மாதத்தில் விட்டுவிடட்டும். 60 வயது வரை ஆண்டுக்கு 2,500 போட்டுவந்தால், நான் போட்ட அதே 5 விழுக்காட்டில், ஒரு லட்சத்தைத் தாண்டும்.

நீங்கள் சுங்கை சிப்புட் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1960இல் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். உங்கள் ஊரில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி போடுங்கள், 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு, நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். அதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். எங்கள் வீட்டில் 10 வெள்ளிக்காகப் பெரிய சண்டை. அரிசிக்கே காணாத சம்பளத்தில் பத்து வெள்ளியா என்று அம்மா கேட்டதாகச் சொல்வார்கள். அப்பா போட்டார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அப்பா அந்தத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை, ஆனால் சாகும்வரை "எங்க தோட்டம்" என்றுதான் சொல்வார்.

கடைசியாக, உங்கள் சேமநிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அந்தப் பெயரில் இருப்பவருக்கே பணம் சேரும். வேலைக்குச் சேர்ந்த நாளில் அம்மா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர்.

கோலகங்சார் தம்பி எழுதியது:

அக்கா, மற்றதையெல்லாம் ஐயா சொல்லிவிட்டார். அந்த 8 விழுக்காட்டு வாட்சாப் குழுவை விட்டு இன்றைக்கே வெளியே வாருங்கள்.

2022இல் சேமநிதியிலிருந்து சிறப்பாக 10,000 எடுக்க விட்டார்கள் அல்லவா, அதை எடுத்து நான் இதே மாதிரி ஒன்றில் போட்டேன். மச்சானிடம் 2,000 வாங்கி அதையும் போட்டேன். முதல் மூன்று மாதம் சொன்ன தேதியில், சொன்ன தொகை வந்தது. அதனால்தான் நம்பினேன். நாலாவது மாதம் செயலி திறக்கவில்லை, குழுவும் காணாமல் போய்விட்டது. மச்சான் பணத்தை இரண்டு வருடமாகக் கட்டி இப்போதுதான் முடித்தேன்.

யோசித்துப் பாருங்கள், நாடு முழுக்க முதலீடு செய்யும் சேமநிதிக்கே ஒரு முழு ஆண்டில் 6 விழுக்காடு சொச்சம்தான் கிடைக்கிறது. ஒருவன் மாதத்துக்கு 8 தருவான் என்றால் அது அடுத்து வருகிறவனின் பணம். பேங்க் நெகாராவும் பங்குச் சந்தை ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன, இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பட்டியலில் இல்லை என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள், நான் போட்ட பெயர் அப்போது அதில் இருக்கவில்லை. கணவர் ஏற்கெனவே ஏதாவது பணம் அனுப்பியிருந்தால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் வேறு கணக்குகளுக்கு ஓடிவிடும்.

ஆயாக்கொட்டகை அக்கா எழுதியது:

கிராணி ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் எனக்கு ஒத்துவரவில்லை. தங்கச்சி கையில் இருப்பது 2,600. லோரியின் கியர்பெட்டி உடைந்தால் அது ஒரு நாளில் போய்விடும். நாமாகப் போடும் சேமநிதிப் பணமும் அதே மாதிரி மூன்றாகத்தான் பிரியும், முக்கால்வாசி பூட்டில் போய்விடும். அப்புறம் என்ன செய்வாள்? நகை அடகுக்கடைக்குப் போகும். அங்கே மாதம் 2 விழுக்காடு வரை வட்டி, ஆண்டுக்கு 24. சேமநிதியில் 6 வாங்கிக்கொண்டு அடகுக்கடையில் 24 கட்டுவதா? எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. என் தாலிக்கொடி மூன்று முறை போய் வந்தது, நாலாவது முறை வரவில்லை.

அதனால் முதல் வேலை, மூன்று மாத வீட்டுச் செலவும் லோரிக்கு ஒரு பெரிய ரிப்பேரும் தாங்குகிற அளவுக்குப் பணம் வங்கியில் இருக்க வேண்டும். ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி இருக்கிறது, பயம் வேண்டாம். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் அமானா சாஹாம் மலேசியா என்ற அரசாங்கச் சார்பு யூனிட் டிரஸ்ட். நம்மவர்களும் வாங்கலாம், ஒரு யூனிட் எப்போதும் ஒரு வெள்ளிதான், வேண்டும்போது விற்று எடுக்கலாம். ஆனால் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு, பல நேரம் தீர்ந்து கிடக்கும். நான் காலையில் தேநீர் கலக்கும்போது ஒரு முறை போனில் முயன்று பார்ப்பேன். யாராவது விற்றிருந்தால் நமக்குக் கொஞ்சம் விழும்.

கூட்டு பற்றி. இந்த நாலு மாதம் முடிந்ததும் நிறுத்திவிடு தங்கச்சி. கூட்டு நிதியை 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை செய்துவிட்டார்கள். தலைவி நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பாய்? நகை இருப்பது இருக்கட்டும், மேலே வாங்காதே. கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்குகிறோம், விற்கும்போது இரண்டும் திரும்ப வராது. யூனிட் டிரஸ்ட் கெட்டதல்ல, ஆனால் நுழையும்போதே எவ்வளவு கட்டணம் என்று அக்காவின் தோழியிடம் கேள். சிலவற்றில் 5 விழுக்காடு வரை பிடிப்பார்கள். உன் 300இல் 15 வெள்ளி முதல் நாளே போய்விடும். அதெல்லாம் வங்கியில் பணம் சேர்ந்த பிறகு பார்க்கிற வேலை.

பழைய கிராணி எழுதியது:

அக்கா சொன்னதுதான் சரி. நான் கடைசிவரை மாதச் சம்பளம் வாங்கியவன், லோரி வைத்திருக்கும் வீட்டின் ஏற்ற இறக்கம் எனக்குப் படவில்லை. முதலில் வங்கி, பிறகு ஐ-சாரான்.

பால்மரத்து மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக இதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கணவர் வாட்சாப் குழுவுக்குப் பணம் எதுவும் அனுப்பவில்லை. தம்பி எழுதியதை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். எதுவும் பேசாமல் குழுவை விட்டு வெளியேறி, போனை என்னிடம் காட்டினார்.

நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் என் சேமநிதிக் கணக்கைப் பார்க்கும் ஐ-அக்கவுன் செயலியைத் திறந்தோம். ஐயா சொன்னது அப்படியே இருந்தது. வாரிசு என்ற இடத்தில் அம்மாவின் பெயர். எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. ஃபிளெக்சிபல் கணக்கில் 900 சொச்சம் இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

கூட்டு முடியும்வரை 300ஐ வங்கியில் போடுகிறோம். முடிந்ததும் அந்த 200ஐயும் சேர்த்து 500 வங்கிக்குப் போகும், 8,000 வரும்வரை. லோரிக்கு நல்ல மாதம் வந்தால் கணவர் தன் பங்கிலிருந்து ஐ-சாரானில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரே "இருநூறு" என்றார்.

அப்பாவுக்குச் சம்பந்தன் கதையைப் படித்துக் காட்டினேன். புக்கிட் சீடிம் என்றதும் தலையை ஆட்டினார். பிறகு, "நூறு வயசு வரைக்கும் உள்ளேயே வெச்சிருக்கலாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "உன் அம்மாகிட்ட யாராவது சொல்லியிருந்தா அவ விட்டிருக்க மாட்டா" என்றார். புதுக் கண்ணாடி சனிக்கிழமை கிடைக்கும், இந்த முறை அவரையே ஃபிரேம் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

ஒரு கேள்வி மட்டும். அடுத்த வாரம் விடுப்பு எடுத்து இருவரும் ஈப்போ சேமநிதி அலுவலகத்துக்குப் போகிறோம். என் வாரிசுப் பெயரை மாற்றுவதையும் அவருடைய ஐ-சாரானையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

பழைய கிராணி எழுதியது:

இரண்டையும் ஒரே நடையில் கேட்டுவிடுங்கள். காலையிலேயே போங்கள், இருவரும் ஐ.சி. எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் வாரிசாகச் சேர்ப்பதென்றால் அவர்களின் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். யாருக்கு எத்தனை விழுக்காடு என்று வீட்டிலேயே பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே நின்றுகொண்டு யோசிக்க முடியாது. கணவரின் பெயரில் பதிவு செய்யும்போது அவருக்கும் ஒரு வாரிசுப் பெயர் போட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். முடிந்ததும் இங்கே வந்து ஒரு வரி எழுதுங்கள் அம்மா, காத்திருப்பேன்.